சத்தத்துக்கு ஒரு சதுரம்

உயிர் போய்க் கிடந்த அம்மாவின் இடக்கை ஆட்காட்டி விரலை வதனி மூன்றாவது தடவையாகத் தேய்த்தாள். சவர்க்காரம் போட்டும் நுனியிலிருந்த கறுப்புப் புள்ளிகள் போகவில்லை. அது அழுக்கில்லை, ஆறு வருசமாக ஊசி குத்திக் காய்த்த தோல். தெரிந்துகொண்டேதான் தேய்த்தாள்.

"விடு கா. தோல் உரியப்போகுது," என்றாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் புஸ்பம்.

மறைப்புக்குக் கட்டிய சேலைக்கு அப்பால் ஆண்களின் பேச்சு. அம்மாவின் தம்பி அழகரத்தினத்தின் குரல்தான் மேலே நின்றது.

"தாய்க்கு இளைய மகன் குடம் தூக்கவேணும். எனக்குந் தெரியும். இளையவன் எங்க? மூத்தவன் இஞ்ச தூண் கணக்கா நிக்கிறான். அவன் தூக்கட்டும். மூண்டு மணிக்கு எடுக்கோணும், இந்த வெயிலுக்கு உடம்பு தாங்காது."

வதனி ஈரக்கையோடு சேலையை விலக்கினாள்.

"அண்ணன் தூக்கேலா, மாமா."

மூத்தவன் திவாகரன் முற்றத்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். இறால் பண்ணையில் சேறு அள்ளிக்கொண்டிருந்தவன், செய்தி கேட்டு அப்படியே வந்திருந்தான். முழங்காலில் சேறு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"ஏன் ஏலா?" என்றார் மாமா.

"அண்ணன் தூக்கினா, தம்பி நிலோஜன் உயிரோட இல்லையெண்டு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரி. அம்மா சொன்னவ, தனக்கு அவன்தான் தூக்குவான் எண்டு."

"அப்ப என்ன புள்ள, அவன் வாறமட்டும் அக்காவ ஐஸ் பெட்டிக்குள்ள வைப்பமா, மீன் கணக்கா?"

சொன்ன பிறகுதான் மாமாவுக்கே உறைத்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடியும் அங்கேயே போட்டார்.

கடைக்குட்டி நிலோஜனை இரண்டாயிரத்தாறில், பதினேழு வயதில், இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. வன்னியில் நிற்கிறேன் என்று ஒரு கடிதம் வந்தது. யுத்தம் முடிந்து இப்போது இரண்டு வருசம். கடைசிச் சண்டையில் மாத்தளனில் கண்டதாக ஒருவன் சொன்னான். செத்தவர்களின் பட்டியலிலும் பெயர் இல்லை, பிடிபட்டவர்களின் பட்டியலிலும் இல்லை. பின்னேரங்களில் அம்மா ஊசியை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்துவாள்.

"சைக்கிள் ஸ்டான்ட் தட்டின சத்தமா கா?"

"கேட்ட மாதிரித்தான் இரிக்கு," என்பாள் வதனி. எழும்பிப் படலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சில நாள் உண்மையாகவே கேட்டது.

அப்பாவைக் கடல் கொண்டுபோனதற்கு அடுத்த வருசம்தான் அம்மா ஊசி பிடித்தாள். சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு தொண்டு நிறுவனம் பெண்களைக் கூட்டி உட்காரவைத்தது. மாதம் ஒரு தலைப்பு. பால்மாத் தகரப் பேணிக்குள் எழுதிப்போட்ட கடதாசித் துண்டுகளில் ஒன்றை எடுப்பார்கள். வந்த தலைப்புக்கு ஓரடிச் சதுரத்தில் துணிகளை வெட்டிப் பொருத்தி, உள்ளுக்கு மா மூட்டைத் துணி வைத்து, எல்லாம் சேரக் குத்தித் தைக்கவேண்டும். நிறுவனம் போய்விட்டது. பேணி காத்தான்குடி றஸீனாவின் வீட்டில் நின்றது, பெண்களும் நின்றார்கள். 'பசி' என்று வந்த மாதம் எல்லோரும் வெறுங்கோப்பை தைக்க, அம்மா ஒரு காகத்தைத் தைத்தாள். "பசிக்கு வெக்கப்படாத சீவன் இது ஒண்டுதானே," என்றாள்.

முதன்முதலில் வந்த தலைப்பு 'தண்ணி'. அன்றைக்கே பெண்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். செத்தவர்களின் உடுப்பை வெட்டலாம். உயிரோடு இருக்கிறவர்களின் உடுப்பில், கிழிந்து தொங்கினாலும், கத்திரி வைக்கக்கூடாது. அப்பாவின் சாரங்கள் அப்படித்தான் சதுரம் சதுரமாகத் தீர்ந்தன.

பெட்டிக்குள் அம்மாவைக் கிடத்திய பிறகு றஸீனா ஓட்டோவில் வந்து இறங்கினாள். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொதி. வதனியைக் கட்டிக்கொண்டாள்.

"டவுன் கண்காட்சியில இரிந்தத இண்டைக்குத்தான் கழட்டித் தந்தாங்க மகள். அவட நெஞ்சில வெச்சி அனுப்புவமெண்டு கொண்டந்தன். 'சத்தம்' எண்டு தலைப்பு வந்திச்சே, அதுக்குத் தெச்சது."

அதை வதனி கண்டதில்லை. அம்மா றஸீனாவின் வீட்டிலேயே வைத்துத் தைத்து முடித்திருந்தாள். கறுப்பு நூலில் ஒரு சைக்கிள், ஸ்டான்ட் போட்டு நின்றது. ஆள் இல்லை. பின்னணி முழுக்க மண்ணிறக் கட்டம்போட்ட துணி. மூலையில் ஒரு பொக்கற் வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. பொக்கற்றின் ஓரத்தில் நீலத் தையல் நாலைந்து. மண்ணிற நூல் இல்லாத அவசரத்தில் நிலோஜனின் சேட்டில் அதைத் தைத்துக் கொடுத்தவள் வதனிதான்.

"இதை எப்ப வெட்டினவ?"

"ரெண்டு மாசம் இரிக்கும். நான் கத்திரியப் புடிச்சிட்டன். 'சீதேவிப்பிள்ள, என்ன வேல செய்றாய்' எண்டு கேட்டன். என்ட கைய எடுத்து உட்டுட்டு வெட்டினா." றஸீனா முக்காட்டின் நுனியால் வாயைத் துடைத்தாள். "உனக்குச் சொல்லவேணாமெண்டா. 'அவள் இன்னும் படலையப் பாத்துக்கிட்டு இரிக்காள்' எண்டா."

வெளியில் பறை தொடங்கியிருந்தது. வதனி சதுரத்தை அம்மாவின் நெஞ்சில் வைத்தாள். பிறகு அதைத் திருப்பி, கட்டத்துணி உடம்பில் படும்படி வைத்து, சேலைத் தலைப்பால் மூடினாள். முற்றத்துக்கு வந்தாள்.

"மாமா, அண்ணன் தூக்கட்டும்."

மாமா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடத்தை எடுக்கப் போனார். திவாகரன் சேட்டைக் கழற்றினான். எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தான். வதனி கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். பறைச்சத்தம் வாவிக்கரைப் பாதையில் தேய்ந்து போன பிறகு, வீட்டைக் கழுவ வேண்டியிருந்தது. புஸ்பம் வாளி வாளியாக ஊற்றிக் கூட்டினாள். செத்தவளின் உடுப்பை அந்திக்குத் துணி வெளுக்கிற கட்டாடியார் வந்து எடுத்துப்போவார். வதனி ஒரு பழைய கூடாரப் படங்குத் துண்டை விரித்து அம்மாவின் சேலைகளை அதில் குவித்தாள். எழும்பி உள்ளே போனாள். நிலோஜனின் இரண்டு காற்சட்டை, ஒரு பள்ளிச் சேட், ஒரு சாரம், எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேலைகளின் மேல் போட்டாள்.

புஸ்பத்தின் விளக்குமாறு நின்றது. பிறகு, வேறு பக்கம் திரும்பி மறுபடியும் கூட்டத் தொடங்கியது.

நாலு முனையையும் இழுத்துக் கட்டினாள். படங்கு விறைப்பு. முதல் முடிச்சு நிற்காமல் வழுக்கிக்கொண்டே வந்தது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. றஸீனா ஈரத்தரையில் குந்தி, முடிச்சின்மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

"ம், இப்பக் கட்டு," என்றாள்.