கேபிள் காருக்குக் குறித்த நாள்

என் பிள்ளை பிரணவ் என்னைச் சுவிட்சர்லாந்துக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்று சேலையூர் காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவன் வேலை பார்ப்பது ஜெர்மனியில். நாலு பேராகச் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறார்கள். அம்மா வந்தால் தங்க இடமில்லை. அதனால் தாம்பரத்தில் ஒரு டூர் கம்பெனியில் எனக்குப் பணம் கட்டிவிட்டான். டூர் பஸ் சுவிட்சர்லாந்துப் பனிமலைக்குப் போகிற அந்த ஒரு நாள் மட்டும் அவன் லீவு போட்டு, ரயிலேறி வருவான். இரண்டு பேரும் கேபிள் காரில் மேலே போய்விட்டு வருவோம். சாயங்காலம் அவன் ரயிலுக்கு, நான் பஸ்ஸுக்கு.

அவனைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. அப்பா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவன்தான். என் வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன் போனபிறகு இந்த வீட்டில் குரல் கொடுப்பது நானும் குக்கரும்தான். ஒரு நாள் கிடைக்கிறதே, அதுவே பெரிசு என்று இருந்தேன்.

டூர் ஆபீஸ் தசரதன் தைரியம் சொன்னார். "பயப்படாதீங்க மேடம். கண்ணாடிப் பொட்டி, சுத்திகினே மேல ஏறும். ஒரு பேஜாரும் கெடையாது. குளிருதான் கொஞ்சம் ஜாஸ்தியா கீது, ஸ்வெட்டர் எத்துகினு வாங்க."

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் ஸ்வெட்டரும் இரண்டு குரங்குக் குல்லாவும் வாங்கினேன். மே மாச வெயிலில் கம்பளிக் குல்லாவுக்குப் பேரம் பேசியவள் நான் ஒருத்திதான். ஒன்று அவனுக்கு. போடமாட்டான், தெரியும். இருந்தாலும் வாங்கினேன்.

புறப்பட நல்ல நேரம் பார்க்கத்தான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். கேபிள் கார் நாளுக்கு நேரே வைகாசி தேய்பிறை நவமி என்று இருந்தது. அவர் திதி.

போன இரண்டு வருஷமும் நான்தான் முன்கூட்டியே போன் போட்டு, இன்ன தேதியில் அப்பா சிராத்தம் என்று பிரணவுக்குச் சொன்னேன். இந்த வருஷம் சொல்லவில்லை. பிள்ளை அவன், அவனாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமே என்று ஒரு வீம்பு. இங்கிலீஷ் தேதி அசையாமல் நிற்கும், திதி வருஷா வருஷம் நகரும். அது இந்த நாளில் வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

புரோகிதர் ஸ்ரீரங்கன் வாத்தியாருக்குப் போன் செய்து, யாரோ தெரிந்தவர்களுக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"பிள்ளை மறந்துட்டான்னா, அடுத்து வர்ற அமாவாசையில பண்ணிடலாம் மாமி. ஆனா தெரிஞ்சே விடப்படாது. ஞாபகம் இருந்தா அன்னிக்குத்தான் பண்ணணும்."

ஞாபகம் இருப்பது எனக்குத்தானே, அவனுக்கில்லையே என்ற வாதம் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு போனை வைத்தேன். அன்றிலிருந்து என் வீம்பு தலைகீழாகிவிட்டது. அவனுக்கு ஞாபகம் வந்துவிடக்கூடாதே என்று பெருமாளை வேண்டிக்கொண்டேன். எந்த அம்மாவாவது இப்படி வேண்டுவாளா? நான் வேண்டினேன். கூடத்தில் இருந்த அவர் படத்திடமும் சொன்னேன். "அமாவாசை வரைக்கும் பொறுத்துக்கோங்கோ. நீங்க எங்கயும் போகப்போறதில்லை. அவன் ஒரு நாள்தான் வரான்."

ஞாயிற்றுக்கிழமை தோறும் பிரணவ் பேசுவான். தேதிப் பேச்சு வந்தாலே நான் மாவடுவுக்குத் தாவினேன். மாவடு தீர்ந்ததும் தண்ணீர் லாரிக்குத் தாவினேன். இப்படியே இரண்டு ஞாயிறு ஓட்டிவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு அவன் குரலே வேறாக இருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கேபிள் கார் அன்னிக்கு அப்பா திதி."

தண்ணீர் லாரி என்று ஆரம்பித்தேன். அவன் விடவில்லை.

"நீ சொல்லுவேன்னு பார்த்துண்டே இருந்தேன். சொல்லலையேன்னு நானே இன்டர்நெட்ல பஞ்சாங்கம் பார்த்தேன். ஃப்ராங்க்ஃபர்ட்ல ஒரு மாமா பண்ணிவைக்கறார், பேசிட்டேன். அன்னிக்கு அங்க போயாகணும். வேற நாள் லீவு கிடைக்காதும்மா. மலைக்கு என்னால வர முடியாது."

பெருமையாகத்தான் இருந்தது. நான் வளர்த்த பிள்ளை, தானாகவே அப்பாவை நினைத்துக்கொண்டான். அந்தப் பெருமையோடு சேர்ந்து அழுகையும் வந்தது. ஒரு நாள்தானே கேட்டேன், அதுவும் எனக்கில்லை.

"நீ டூரைக் கேன்சல் பண்ணிடாதே. பணம் திரும்ப வராது. எல்லாரோடயும் மேல போயிட்டு வா" என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான். "உனக்கு ஞாபகமே இல்லியாம்மா?"

உண்மையைச் சொன்னால், என்ன வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

"மறந்தே போச்சுடா" என்றேன்.

"பரவாயில்லம்மா. தனியா இருக்கே, வயசும் ஆறது" என்றான் அத்தனை ஆதரவாக. "அடுத்த வருஷத்துலேர்ந்து நானே உனக்கு ஞாபகப்படுத்தறேன்."