பார்சல் இல்லாத பயணம்

தனக்கு மீன் பிடிக்காது என்பதைக் குயென் இருபத்துமூன்றாவது வயதில்தான் கண்டுபிடித்தாள். அதற்கு அவள் மொன்ட்ரியாலை விட்டு ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. சகெனே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். குயென் சாப்பாட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் தாய் வைப்பதைத்தான் எல்லோரும் சாப்பிடுவார்கள். வெளியே போனால் தமையன் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவான். அந்தப் பெண் இரண்டு தரம் வந்து திரும்பிப் போனாள். மூன்றாம் தரம், மீனைத் தவிர எதுவென்றாலும் சரி என்று குயெனின் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது தனக்கே தெரிந்தது என்றாள்.

இதை அவள் எனக்குச் சொன்னது மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில், ஒரு பெட்சீற்றின் மற்ற மூலையைப் பிடித்துக்கொண்டு.

நாங்கள் வேலை செய்தது ஒரு பெரிய லோன்றியில், இரவு வேலை. ஹோட்டல்களிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் வரும் விரிப்புகளைத் தோய்த்து, சூடான உருளைகளுக்குள் விட்டு இஸ்திரி போடுவது. ஒரு விரிப்பை உள்ளே விட இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு மூலை. இழுத்துச் சுருக்கம் எடுத்து, இரண்டு பேரும் ஒன்றாக விட வேண்டும். ஒருவர் முந்தினால் விரிப்புக் கோணலாகப் போய் மெசின் நிற்கும். அதனால் சோடி சோடியாகத்தான் வேலை. சோடியில் ஒருவர் லீவு எடுத்தால் மற்றவரும் எடுக்க வேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். ஒற்றை ஆளை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது.

என் சோடி குயென். நான் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே சேர்ந்ததிலிருந்து அவள்தான். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இங்கிலிசில் கதைத்துக்கொள்வோம். அவளுடையது வியட்நாமியக் குடும்பம், படகில் தப்பி வந்தது. மலேசியத் தீவொன்றில் இருந்த அகதி முகாமில் அவள் பிறந்தாள். இப்போது மொன்ட்ரியாலிலேயே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு சின்ன அப்பார்ட்மெண்டில் எட்டுப் பேர். அவள் படுக்கும் அறையில் இரண்டு தங்கச்சிமாரும் ஒரு தையல் மெசினும். குளியலறையில் கொஞ்சம் கூட நேரம் இருந்தால் யாராவது கதவைத் தட்டுவார்கள். வேலைக்கு வந்தால் எதிரே நான்.

வருஷத்தில் ஒரு தடவை, ஜூலைக் கடைசியில், லோன்றியில் பாதிப் பேரை லீவில் விடுவார்கள். அப்போது அவள் ஒரு பையோடு பஸ் ஏறிப் போய்விடுவாள். கமரா கொண்டுபோவதில்லை. பார்க்க வேண்டிய இடம் என்று எதுவும் கிடையாது. போகிற ஊரில் நடப்பாள், சாப்பிடுவாள், படுப்பாள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது தன்னைப் பற்றித் தெரிந்த ஒரு விஷயத்தோடு வருவாள். முதல் வருஷம் மீன். அடுத்த வருஷம் காஸ்பேக்குப் போனாள். படகில் வந்ததிலிருந்து அவளுடைய தாய் இன்றுவரைக்கும் ஆற்றைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். தானும் அப்படித்தான் என்று குயென் நினைத்திருந்தாள். காஸ்பேயில் இடுப்பளவு கடலுக்குள் இறங்கி நின்றபோது பயம் வரவில்லையாம். பயம் அம்மாவுடையது, நான் அதைச் சும்மா சுமந்துகொண்டிருந்தேன் என்றாள். சொல்லிவிட்டு விரிப்பை விட்டாள். நான் பிந்திவிட்டேன். மெசின் நின்றது.

எனக்கு அந்த நாட்களில் வேறு செய்தி எதுவும் இல்லை. வேலை, பஸ், நிலக்கீழ் அறை, நித்திரை. யாராவது ஒருவருக்கு வருஷத்தில் ஒரு புது விஷயமாவது தெரியவருகிறது என்பது எனக்குப் போதுமாயிருந்தது.

மூன்றாம் வருஷம் எங்கள் ஆட்கள் அதைக் கெடுத்தார்கள்.

எங்கள் ஆட்கள் என்றால் முதலில் சிசிலி அன்ரி. மன்னாரைச் சேர்ந்தவர். கத்தோலிக்கக் கோயிலில் எந்த விருந்தென்றாலும் சமையல் அவர் பொறுப்பு. லோன்றியில் இருந்த தமிழரில் பாதிப் பேரை அவர்தான் சேர்த்துவிட்டார், என்னையும். ஒருவர் எங்கேயாவது போகிறார் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது பையில் எவ்வளவு இடம் இருக்கு என்பதுதான். குயென் ஹலிபாக்ஸ் போகிறாள் என்று தெரிந்ததும் அன்ரி அங்கேயிருக்கும் தன் மச்சாளுக்கு ஒரு பார்சல் கட்டினார். பார்சல் கொண்டுபோகிறவரைப் பஸ்ஸடியில் போய்க் காரில் ஏற்றாமல் விட்டால் மச்சாளுக்கு என்ன மரியாதை? ஏற்றினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தெரியாத ஊரில் ஒரு குமர்ப்பிள்ளையைத் தனிய விடுவதா என்று லீவு முடியும்வரை விடவில்லை. கலியாண வீடியோ போட்டுக் காட்டினார்கள். ஒரு ஞானஸ்நானத்துக்குச் சேலை உடுத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடற்கரைக்குப் போக ஆசைப்பட்டபோது ஒரே வான் வண்டியில் பத்துப் பேர் ஏறினார்கள்.

திரும்பி வந்தவளிடம் இந்த முறை என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். நல்ல மனிசர், ஒரு குறையும் சொல்ல முடியாது என்றாள். அந்தப் பனிக்கால மாரி முழுக்க அவள் முகம் தோய்த்துத் தோய்த்து வெளிறிய துணி மாதிரி இருந்தது.

பிறகு 2006. வசந்தத்தில் அவள் வீட்டில் ஒரு சம்பந்தம் வந்தது. டொரொன்ரோவில் நகத்துக்குப் பூச்சுப் போடும் இரண்டு நெய்ல் சலூன் வைத்திருக்கிறவர். இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். குடிப்பதில்லை, சத்தமாகக் கதைப்பதில்லை. தாய்க்குப் பிடித்தது, தமையனுக்குப் பிடித்தது. குயெனைக் கேட்டார்கள். லீவு முடிந்து வந்து சொல்கிறேன் என்றாள்.

ஒரு நாள் காலை வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது இதைச் சொன்னாள். வீட்டில் வைத்து யோசித்தால் எனக்குள்ளேயிருந்து அம்மாதான் பதில் சொல்கிறார், லோன்றியில் யோசித்தால் மெசின் சத்தம், அங்கே போய்த்தான் என்னைக் கேட்க வேண்டும் என்றாள். அங்கே என்றால் செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் வடகரை. செத்-இல் என்ற ஊரையும் தாண்டி, பஸ் போய் முடிகிற ஊர். அதற்கு அப்பால் மரங்களும் தண்ணீரும்தான். ஒரு தமிழரும் இருக்க வழியில்லை என்பதை என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். இருக்காது என்று நானும் சொன்னேன்.

சாப்பாட்டு அறையில் சிசிலி அன்ரி அவளுக்கு ஒரு ரோல்ஸை நீட்டிக்கொண்டே எந்த ஊருக்கு என்று கேட்டார். வாய்க்குள் ரோல்ஸோடு அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

அன்ரியின் முகம் மலர்ந்தது. அந்த ஊர்க் கோயிலில் பங்குத்தந்தையாக இருந்தவர் எமிலியானுஸ் பாதர். யாழ்ப்பாணத்தில் அன்ரியின் தம்பியோடு படித்தவர். கியூபெக்கில் குருமார் பற்றாக்குறை, எங்கேயெல்லாம் ஆள் இல்லையோ அங்கேயெல்லாம் வெளிநாட்டுக் குருமாரை அனுப்புகிறார்கள். அடுத்த நாளே அன்ரி பாதருக்குப் போன் எடுத்துவிட்டார். பாதர் பஸ்ஸடிக்கு வருவார். கன்னியர் மடத்தில் அறை ஒழுங்கு. பங்கு மக்களில் ஒரு குடும்பம் வள்ளத்தில் தீவு காட்டக் கூட்டிப்போகும். மிளகாய்த்தூள், ஒடியல்மா, கருவாடு எல்லாம் ஒட்டும் பிளாஸ்ரர் சுற்றித் தயார்.

குயென் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். உங்கள் பாஷையில் அவருக்கு விளங்கப்படுத்து. கோபம் வராத மாதிரி.

கோபம் வராத மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது. நேரே சொன்னேன்.

"அன்ரி, அவள் தனிய இருக்கத்தான் போறாள். ஒருத்தரும் வந்து ஏத்த வேண்டாம்."

"தனிய இருக்கிறதுக்கு ஏனடா தம்பி பஸ் ஏறவேணும்? கக்கூசுக்குள்ள கதவைப் பூட்டிப்போட்டு இருக்கலாமே."

"அவளின்ர வீட்டில அதுக்கும் விடமாட்டினம்."

"அதுதான் சொல்லுறன், பாவம் பிள்ளை. அங்கயாவது நாலு சனத்தோட சந்தோசமா இருக்கட்டும்." பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீ ஏன் இதில நிண்டு துள்ளுறாய்? லீவும் ரெண்டுபேருக்கும் ஒண்டாத்தானே. உள்ளதைச் சொல்லு றூபன்."

உள்ளது ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. தனியே இருக்க விரும்புகிற ஒரு பெண்ணை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் ஒரு பெடியனோடு ஓடப் பார்க்கிற பெண்ணை நன்றாகவே கற்பனை செய்ய முடிந்தது. இனிப் பாதர் பஸ்ஸடியில் நிற்பது மரியாதைக்காக மட்டும் இல்லை, காவலுக்கும்தான்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. அடுத்த நாள் காலை பஸ் தரிப்பில் குயெனிடம் சொன்னேன். நானும் அந்தப் பஸ்ஸில் வருகிறேன். பார்சலை நான் கொடுக்கிறேன், பாதரை நான் பார்த்துக்கொள்கிறேன், தீவுக்கும் நானே போகிறேன். நீ உன் பாட்டில் இரு. கண்டால்கூடக் கதைக்க மாட்டேன்.

நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். அதில் எனக்கு என்ன கிடைக்கும் என்றும் நினைத்திருந்தேன். ஒரு தெருவின் மறுகரையில் அவள் நடந்து போவதைப் பார்க்கலாம்.

ஒரு பஸ் வந்து போனது.

"அப்படியென்றால் நீ அங்கே இருப்பாய்," என்றாள்.

"கதைக்க மாட்டேன் என்றேனே."

"இருப்பாய்."

பிறகு சாதாரணமாக, சாமான் வாங்கச் சொல்கிற மாதிரி, நீ வடகரைக்குப் போ, நான் வேறெங்காவது போகிறேன் என்றாள். எங்கே என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். சொல்லிவிட்டால் நான் இரவில் கண்ணை மூடும்போது அவள் நடக்கிற தெருவில் நிற்பேனாம், அதுவும் ஒரு ஆள்தானாம். அவள் அதை என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. அதனால்தான் நொந்தது.

அன்ரிக்குச் சொல்லாமல், அவர் குயெனிடம் கொடுத்த பார்சலை வாங்கிக்கொண்டு நான் போனேன். ஒரு இரவும் அடுத்த பகலும் பஸ்ஸில் கருவாட்டு மணத்தோடு. பஸ் முடிந்த இடத்தில், காற்றில் தொப்பியைக் கையால் அமத்திக்கொண்டு ஒரு மெலிந்த மனிசர் நின்றார். என்னைத் தாண்டிப் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை எங்க?"

"வரேல்லை, பாதர்."

மடத்தில் குயெனுக்கென்று ஒதுக்கிய அறையில் பூ வைத்திருந்தார்கள். அதில் என்னைப் படுக்க விட ஏலாது என்பதால் பாதரின் வீட்டில் தங்கினேன். முன்பு நாலு குருமார் இருந்த வீடு. மூன்று அறைகளில் வெறும் கட்டில். பாதர் பார்சலைப் பிரித்து மிளகாய்த்தூளை மணந்து பார்த்தார். பிறகு கதைக்கத் தொடங்கினார். நான் புறப்படும்வரை கதைத்தார். சாப்பிடும்போது, பாத்திரம் கழுவும்போது, நான் படுத்த பிறகு கதவுக்கு வெளியே நின்று. மாரியில் பூசைக்குப் பதினைந்து கிழவிகள் வருவார்கள், மிச்ச நேரம் காற்றுத்தான் என்றார். தமிழில் கனவு வருவதும் நின்றுவிட்டதாம்.

குயென் ஏன் வரவில்லை என்று அவருக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். சிரிக்கவில்லை.

"நான் பதினொரு வருஷமாத் தனிய இருக்கிறன் தம்பி," என்றார். "முட்டை பொரிக்கப் பழகினன். வேறொண்டும் கண்டுபிடிக்கேல்லை."

தீவுக்கும் போனேன். மழை பெய்தது. என்னைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவரவில்லை. கடற்கரையில் நடந்து பார்த்தேன், கடைக்குப் போய்ச் சாப்பாட்டு அட்டையைப் பார்த்து யோசித்தேன். எது என்றாலும் சரி என்றுதான் பட்டது.

லீவு முடிந்து முதல் நாள், உருளையின் அந்தப் பக்கத்தில் குயென் நின்றாள். வெயில் பட்டுக் கறுத்திருந்தாள். நான் கேட்க முதல் அவளே சொன்னாள். ஒரு நாள் காலை எழும்பி, யன்னலைத் திறந்து, பாண் வாங்கப் போகும் வழியில்தான் நினைவு வந்ததாம், தான் அந்த டொரொன்ரோ மனிசரைப் பற்றி யோசிக்க அல்லவா வந்தது என்று. போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தரமும் யோசிக்கவில்லை. அது போதும் என்று பட்டது. வீட்டுக்கு வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தாய் அழுதார். தமையன் கதைப்பதில்லை. ஒரு தங்கச்சி மட்டும் எந்த ஊர் என்று இரகசியமாகக் கேட்டாளாம்.

அவளுக்கும் சொல்லவில்லை.

விரிப்புகள் வந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் ஒன்றாக விட்டோம், ஒன்றும் கோணலாகப் போகவில்லை. இடைவேளைக்கு முன் அவள் இன்னொன்று சொன்னாள். அழுக்குத் துணி பிரிக்கிற பகுதிக்கு மாற்றித் தரும்படி போர்மனிடம் கேட்டிருக்கிறாள். பின்பக்கத்தில், பிளாஸ்டிக் திரைக்கு அங்கால், இரத்தமும் மலமும் வாந்தியுமாக வரும் மூட்டைகளை அவிழ்த்துப் பிரிக்கிற வேலை. தண்டனையாக அனுப்பினால் தவிர ஒருவரும் போவதில்லை. அந்த லோன்றியில் சோடி இல்லாமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். போர்மன் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டானாம்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. கையுறை நல்லதாக வாங்கு, அங்கே தருகிறது கிழியும் என்றேன். சரி என்றாள்.

எனக்கு நகுலேஸ்வரன் அண்ணை சோடியாக வந்தார். எதற்கும் ஒரு கதை வைத்திருப்பார். என்னோடு ஏதோ பிரச்சினைப்பட்டுத்தான் அவள் பின்பக்கம் போனாள் என்று சிசிலி அன்ரி எல்லோருக்கும் சொன்னார். மறுக்க எனக்கு அலுப்பாயிருந்தது. திரை விலகும்போது சில வேளை அவளைக் காண்பேன். முகமூடி, கண்ணாடி, முழங்கை வரை கையுறை. வேலை செய்துகொண்டே தனக்குள் ஏதோ பாடுகிற மாதிரி இருக்கும். சத்தம் எங்கள் பக்கம் வராது.

அடுத்த ஜூலையில் அவள் போனாள். எந்த ஊருக்கு என்று சிசிலி அன்ரி என்னிடம் வந்து கேட்டார். கையில் ஏற்கெனவே கட்டிய பார்சல் ஒன்று இருந்தது. தெரியாது என்றேன். அது உண்மை.