பூசப் பூச ஒழுகிய கூரை

நான் போட்ட கூரை ஒழுகாது. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். ஒழுகுகிறது என்று யாராவது போன் செய்தால் எனக்கு முதலில் வருவது கவலை இல்லை, கோபம். மேலே ஏறி எவன் மிதித்தான், டிஷ் ஆன்டெனா மாட்ட வந்தவன் எங்கே ஓட்டை போட்டான் என்று வீட்டுக்காரரைக் குடைந்து எடுத்துவிடுவேன். என்னோடு வேலை பார்க்கும் என் மச்சான், "போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆளு" என்று முணுமுணுப்பான்.

நர்ஸக்கா வீட்டில் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற நர்ஸ். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் மற்ற அறைகளின் வாசலில் நுழையாததால், வீட்டின் பின்பக்கம் உயரமான சுவரை ஒட்டி அவருக்கென்றே ஒரு அறை கட்டினார்கள். அதற்குத் தகரக் கூரை போட்டது நான்தான்.

சுவரும் கூரையும் சேரும் இடத்தில் மடித்த தகரப் பட்டை ஒன்று அடிப்போம். பட்டையின் கீழ் விளிம்பில், கூரையைத் தொடும் இடத்தில், நான் சிலிக்கான் பசையை ஒரே கோடாக இழுத்துவிடுவேன். பார்க்க லட்சணமாக இருக்கும். வேறு எவன் வேலையிலும் அந்தக் கோடு இருக்காது என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தக் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருடம் மழை தொடங்கியதும் மாமாவின் தலைமாட்டில் சொட்டியது. போனேன். என் கோட்டில் அங்கங்கே சின்ன இடைவெளி தெரிந்தது. பசையைப் பூசி அடைத்தேன். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பூசினேன். மூன்றாவது தடவை போனபோது மாமாவே படுக்கையிலிருந்து வரவேற்றார். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும் அவருக்கு. "டாக்டர்... வந்தாச்சு. ஆயின்மென்ட்... பூசிட்டு... போவாரு." எல்லோரும் சிரித்தோம். நான் ஒரு டியூப் முழுவதையும் காலி செய்துவிட்டு இறங்கினேன்.

நான்காவது போன் ஒரு புதன்கிழமை வந்தது.

"தம்பி, வெள்ளிக்கிழமை காலைல வேன் வருது. மாமாவ பராமரிப்பு இல்லத்துல விடப்போறேன். ஈரத்துல படுத்துப் படுத்து நெஞ்சுல சளி கட்டிருச்சு. அவருக்குப் போகவே மனசில்ல. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ வந்து பாத்துருங்களேன்."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழன் காலை மச்சானோடு போனேன். மாமா கிண்டல் ஏதும் செய்யவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். கட்டிலுக்குக் கீழே அவருடைய துணிப்பை ஏற்கெனவே தயாராக இருந்தது. நான் ஏணியை எடுக்கப் போனபோது அக்கா ஒரு நோட்டை நீட்டினார்.

"வார்டுல எல்லாத்தையும் அளந்து எழுதியே பழகிருச்சு. உங்களுக்கு உதவுமான்னு பாருங்க."

மழை பெய்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி இருந்தது. மேற்கிலிருந்து காற்று அடித்தால் மட்டுமே ஒழுகல். மழை பிடித்து நாற்பது நிமிடம் கழித்துத்தான் முதல் சொட்டு. மழை நின்ற பிறகும் இரண்டு மணி நேரம் விடாமல் சொட்டு. பாத்திரத்தில் விழுந்த அளவைக் கூட மில்லிக் கணக்கில் எழுதியிருந்தார். முதலில் முந்நூறு, பிறகு எழுநூறு, பிறகு ஆயிரத்து நூறு.

நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். ஓட்டை வழியாக வருகிற தண்ணீர் மழையோடு வந்து மழையோடு நிற்கும். நாற்பது நிமிடம் காத்திருந்து, நின்ற பிறகும் சொட்டுகிறது என்றால் அது எங்கோ தேங்கி, நிரம்பி வழிகிற தண்ணீர். எங்கே தேங்குகிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேலே ஏறிக் கத்தியால் என் அழகான கோட்டைக் கீறினேன். ஒரு சாண் நீளம் உரித்ததுமே பட்டைக்குள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டி என் முழங்காலை நனைத்தது. பட்டைக்கு மேலே சுவர்ப் பூச்சில் முடி போல ஒரு மெல்லிய விரிசல். மேற்குக் காற்றில் மழை அந்தச் சுவரில் அறைந்து, விரிசல் வழியாகப் பட்டைக்குப் பின்னால் இறங்குகிறது. கீழ் விளிம்பு திறந்திருந்தால் அது பாட்டுக்குக் கூரை மேல் வழிந்து போயிருக்கும். போகிற வழியை நான்தான் அடைத்து வைத்திருந்தேன்; தேங்கிய தண்ணீர் நிரம்பி அறைக்குள் இறங்கியது. பூசப் பூச இன்னும் இறுக்கமாக அடைத்தேன்.

"அத்தான்," என்றான் மச்சான் மெதுவாக, "அப்ப நாமதானா?"

"நாம என்னடா நாம. நான்."

கோடு முழுவதையும் உரித்து எடுத்தேன். விரிசலை அப்போதைக்கு வேண்டுமென்றே அப்படியே விட்டேன், தண்ணீருக்கு இப்போது வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. மச்சான் ரப்பர் குழாயைப் பிடித்துச் சுவரில் அடித்தான். நான் கீழே வந்து கட்டிலருகே நின்றேன். அக்கா கையில் கடிகாரம். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. மாமா மெல்லத் திரும்பிக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் கழித்தும் தலைமாடு காய்ந்தே இருந்தது.

அக்கா போனை எடுத்து, "வேன் வேண்டாங்க. அவரு இங்கயே இருக்காரு" என்றார்.

மாமா நல்ல கையால் என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைய... வீட்லயே... வச்சுட்டீங்க."

வாயை மூடிக்கொண்டு அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை. "மாமா, உங்கள வெளிய அனுப்பப் பாத்ததே நான்தான். நான் பூசினதாலதான் ஒழுகுச்சு" என்றேன்.

"தெரியும் தம்பி," என்றார் அக்கா. "நீங்க பூசிட்டுப் போனப்பல்லாம் அளவு கூடுச்சு. எழுதினவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏங்க்கா வேற ஆளக் கூப்பிடல?"

"வேற ஆளு வந்தா கூரையப் பிரிச்சுப் போட்டுருவான். நீங்க கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வந்தீங்க. தப்பு எங்கன்னு தெரிஞ்சா சரி பண்ணிருவீங்கன்னு நெனச்சேன்."

இத்தனை வருடத் தொழிலில் யாரும் எனக்கு இப்படி ஒரு உதவி செய்ததில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் என்றால் மாமா கையை விட்டால்தானே.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "இந்தக் கோட வேற எத்தன வீட்ல போட்டுருக்கீங்க?"

மனதுக்குள் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன். அவர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினார். மாமா அதைப் பார்த்துவிட்டு, நான் எழுதுவதற்காகக் கையை விட்டார்.

எந்த வீட்டில் தொடங்குவது என்று தெரியாமல் நின்றபோது வாசலில் மச்சான் தொண்டையைக் கனைத்தான்.

"அத்தான், மொதல்ல எங்க வீட்ட எழுதுங்க. ரெண்டு வருஷமா ஒழுகுது. சொன்னா கத்துவீங்கன்னு வாளி வச்சுக்கிட்டோம்."