படகு உள்ளே வரும்வரை

வெள்ளைச் சேலையைக் கட்டி முடித்த பிறகும் குணவதியின் கை இடுப்புப் பக்கம் தலையணையைத் தேடிக்கொண்டே இருந்தது. பதினாறு வருடமாக அந்தத் தலையணையை வயிற்றில் கட்டி, முன்பல் இரண்டில் கறுப்பு மை பூசிக்கொண்டுதான் அவள் மேடையேறியிருக்கிறாள். இன்றைக்குத் தலையணை இல்லை. பல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. கண்ணாடியில் தெரிந்தவள் யாரோ மரியாதையான குடும்பத்துப் பெண்மணி மாதிரி இருந்ததில் குணவதிக்குக் கொஞ்சம் கூச்சம்.

ஒப்பனை அறையில் எதிரே முக்காலியில் நூர்ஜான் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சூலியா தெருவில் காசு மாற்றுகிறவரின் மகள். வாரப் பத்திரிகைக்குத் தீபாவளிப் பேட்டி எடுக்க வந்திருந்தாள்.

"நகைச்சுவையில உங்க வெற்றிக்கு ரகசியம் என்னாக்கா?"

"ஆணி."

"ஆணியா?"

"பின்னால நம்ம ஆளுங்க வீட்டு செட்டக் கழட்டிட்டுக் கோயிலு செட்டு கட்டுவானுங்க. டொக்கு டொக்குன்னு அடிக்கிற சத்தம் சனங்களுக்குக் கேக்கக் கூடாது. அதுக்குத்தான் திரையை மூடிட்டு, முன்னால என்னைய விடறது. எல்லாரும் சிரிச்சா ஆணிச் சத்தம் கேக்காது. வேலை முடிஞ்சிச்சின்னா திரையில ரெண்டு தட்டு. நான் ஒரு வாட்டி விழுந்து எந்திரிச்சி உள்ள ஓடிருவேன். அவ்ளோதான்லா என் கலை."

நூர்ஜான் விழுந்து விழுந்து சிரித்தாள். எழுதிக்கொள்ளவில்லை.

குணவதி வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவள் எதைத்தான் வேடிக்கைக்குச் சொன்னாள்? சுங்கை பாக்காப் தோட்டத்திலிருந்து வந்த புதிதில், ராஜா இறந்துவிட்டார் என்று கதாநாயகியிடம் வந்து சொல்லும் தோழி வேடம் கிடைத்தது. சொல்ல வந்த இடத்தில் யாரோ கொட்டி வைத்திருந்த தண்ணீரில் வழுக்கிப் பொத்தென்று விழுந்தாள். ராஜா செத்ததற்கு மண்டபமே கைதட்டியது. மறுநாள் இயக்குநர் ஐயாத்துரை, துறைமுக ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதிப் பென்ஷன் வாங்கியவர், அவளைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். "நேற்று விழுந்தீரே, நல்லாயிருந்தது. இண்டைக்கும் விழும்" என்றார். அன்றிலிருந்து விழுகிறாள். கதாநாயகிகள் வந்தார்கள், சர்க்கார் உத்தியோகத்தில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு போனார்கள். குணவதி விழுந்துகொண்டிருந்தாள். முட்டி வலி என்று கிளினிக்குக்குப் போனால், மேடையில் நடக்கிற மாதிரி ஒருதரம் நடந்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் டாக்டர் மருந்து எழுதினார். பசாரில் மீன் நாறுகிறது என்று சண்டை போட்டால் மீன்காரன் பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். புருஷன் பக்கிரிசாமி செத்த அன்று, துக்கத்துக்கு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "அழுவுறதக்கூட என்னமா செய்றாங்க பாரு" என்று பாராட்டினாள். குணவதி அழுவதை அங்கேயே நிறுத்திவிட்டாள். கல் நெஞ்சுக்காரி என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

வழக்கமாக அம்மா வேடம் போடும் புஷ்பவள்ளி, மகள் பிரசவத்துக்கு ஈப்போ போய்விட்டதால் இந்த வருடம் அது குணவதிக்கு வந்தது. ஐயாத்துரை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: விழக் கூடாது. கடைசிக் காட்சியில் கடலுக்குப் போன மகனைப் படகில் பிணமாகக் கொண்டுவருவார்கள். கரையில் நின்று அம்மா பேச வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவும்போதும், வீட்டில் பக்கிரிசாமியின் படத்துக்கு முன்னாலும் அதைப் பேசிப் பேசிப் பார்த்தாள். பக்கிரிசாமி சிரிக்கவே இல்லை. அது போதும் என்று நினைத்தாள்.

ஐயாத்துரைக்கு இந்த முறை அட்டைப் படகு பிடிக்கவில்லை. பாலிக் புலாவிலிருந்து நிஜ சம்பான் படகையே லாரியில் இறக்கியிருந்தார். மேடையை அளந்தார்கள், படகை அளந்தார்கள். மேடைக்கு ஏற்றும் பக்கக் கதவை யாரும் அளக்கவில்லை. இன்றைக்குக் கடைசிக் காட்சிக்காகத் திரையை மூடிய பிறகு, பாதிப் படகு உள்ளேயும் பாதிப் படகு மழையிலுமாக நிற்க, நிலைச்சட்டத்தைப் பெயர்க்க ஆரம்பித்தார்கள். திரைக்கு முன்னால் புதுச் சிரிப்பு நடிகன் அர்ஜுனன், குணவதியின் தலையணையைக் கட்டிக்கொண்டு சமாளித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் வேர்த்து ஊற்ற உள்ளே ஓடிவந்தான்.

"எல்லா ஜோக்கையும் சொல்லிட்டேன் ஐயா. ரெண்டாவது வாட்டியும் சொல்லிட்டேன். இப்ப அவங்க எனக்குச் சொல்றாங்க."

வெளியே சீட்டி பறந்தது. ஐயாத்துரை படகைப் பார்த்தார். பிறகு குணவதியைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது.

"பிள்ளை, கொஞ்ச நேரம் சமாளியும்."

"ஐயா, நான் இன்னைக்கு அம்மா. என் புள்ள செத்துப்போயிட்டான்."

"அவன் இன்னும் சாகேல்லையே. அடுத்த காட்சியிலதானே."

"இப்ப வெளிய போயி விழுந்துட்டு, பொறவு உள்ள வந்து அழுதா எவன் நம்புவான்?"

"சனம் மறந்திடும்."

"பதினாறு வருசமா மறக்கலியே ஐயா."

அர்ஜுனன் தலையணையை அவிழ்த்து அவள் முன்னால் நீட்டினான். அவன் வயிற்றுச் சூடு அதில் இன்னும் இருந்தது. குணவதி அதை வாங்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரையை விலக்கினாள்.

விளக்கு அவள் மேல் விழுவதற்குள்ளேயே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"அக்கா, தலகாணி எங்கக்கா?"

"அடகுல இருக்குலா!" என்று இன்னொருவன் பதில் சொன்னான்.

முதுகுக்குப் பின்னால் டொக்கு டொக்கு. அவள் வாய் திறந்தது. வந்தது கடற்கரை வசனம்.

"எறக்குங்கடா என் புள்ளைய. மொகத்தத் தொறந்து காட்டுங்க. வவுறு காஞ்சி போனான், ஒரு வாய் தின்னுட்டுப் போடான்னேன்..."

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் நூர்ஜான் பேனாவை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். குணவதியின் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய சிரிப்பு விழுந்ததில்லை. ஆணிச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

திரையில் ரெண்டு தட்டு விழுந்தது. படகு வந்துவிட்டது.

அவளுக்குப் பாதி வசனம் பாக்கி இருந்தது. மறுபடி தட்டு. "போதும் பிள்ளை, காணும், உள்ளுக்கு வாரும்" என்று ஐயாத்துரையின் குரல் துணிக்குப் பின்னால் கிசுகிசுத்தது. குணவதி மெல்லக் கீழே உட்கார்ந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே வயதான ஒருத்தி உட்காருவது போல. இப்போது விழுவாள் என்று முன்வரிசை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. பின்வரிசை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் திரையில் சாய்ந்துகொண்டாள். உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அந்தச் சிவப்புத் துணி புடைத்துப் புடைத்து, வயிற்றுக்குள் பிள்ளை உதைப்பது போல அவள் முதுகில் வந்து மோதியது. அவள் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், தட்டு விழுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொடுத்தாள். பிறகு அடுத்த வரியைச் சொன்னாள்.