நான்கு விநாடி முணுமுணுப்பு

1.

இந்தக் கதையை என் மனைவிக்குத் தெரியாமல்தான் ஆரம்பித்தேன். நீங்களாகக் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுவது கௌரவம்.

மழை தூறிக்கொண்டிருந்த மாலையில், ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டே அவள்

(வேண்டாம். இதே வாக்கியத்தை ஏற்கெனவே மூன்று கதைகளில் செருகியிருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. எழுத்தில் எனக்கு இருக்கும் தைரியம் அப்படி.)

2.

என் மச்சினன், மனைவியின் தம்பி, விளம்பரங்களுக்கு இசை போடுகிறவன். தாளம், வீணை மீட்டல், கோரஸ் என்று கம்ப்யூட்டரில் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்திருக்கிறான். ஒரு துண்டை எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் செருகலாம். நகல் கிடையாது, எல்லாப் பாட்டும் அந்த ஒரே மூலத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மூலத்தைத் தொட்டால் அத்தனையும் மாறும். "ஒரே மூலம்தான் மாமா சுத்தம்" என்று பீற்றிக்கொள்வான்.

அவர்களுடைய அப்பா இறந்தபோது அவன் ஒரு பாட்டு செய்தான். அதற்காக அக்கா நான்கு விநாடி முணுமுணுத்துக் கொடுத்தாள். துண்டின் பெயர் 'அக்கா-3'.

போன மாதம் மருந்துக்கடைத் தொலைக்காட்சியில் அதே முணுமுணுப்பு மூட்டுவலித் தைலம் விற்றது. அவள் மருந்து வாங்காமலே திரும்பி வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முணுமுணுப்பு இல்லை. இருபத்திரண்டு நாள். நாசமாய்ப் போன தைலம்!

3.

ஞாயிறு காலை மச்சினன் லேப்டாப்போடு வந்து நின்றான்.

"அக்கா, தப்புதான். உன் கண்ணு முன்னாடியே அழிச்சிடறேன். பாரு, போயிடுச்சு."

"எல்லா விளம்பரத்துலயுமா?"

"பதினொண்ணுலயும். இனி எங்கயும் இருக்காது."

"எங்கயும்னா... அப்பா பாட்டுல?"

அவன் முகம் செத்துப்போனது. பாட்டைப் போட்டான். நடுவில் நான்கு விநாடி ஒன்றுமே இல்லை.

"வேற எங்கயாவது வச்சிருப்பியேடா?"

"இல்லக்கா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்கள் இருவருக்குமே நிம்மதியாக இருந்திருக்கும்.

4.

முடிவு ஒன்று: அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் முணுமுணுத்தாள்.

முடிவு இரண்டு: "அந்த இடம் அப்படியே காலியா இருக்கட்டும்" என்று அவள்

இதுவரை எழுதியபோது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"கண்ணத் தொடச்சேனா? நீங்க பாத்தீங்களா? அவனாவது கேட்டு வாங்கிட்டுப் போனான். நீங்க என்னைக் கேக்காமலே எத்தனை கதையில துணி மடிக்க வச்சிருக்கீங்க?"

"மூணு."

"அஞ்சு."

ஐந்துதான். எண்ணிப் பார்த்தேன்.

"இப்ப உள்ள போறேன். நான் பாடுனாலும் பாடலைன்னாலும், அது இதுல வரக்கூடாது."

5.

அடுத்த அறையில் மைக் தயார். மச்சினன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறான். கதவு பாதி திறந்திருக்கிறது. எனக்கு நன்றாகவே கேட்கும்.

[          ]

இந்த அடைப்புக்குறிக்குள் எழுத என்னிடம் அருமையான வாக்கியங்கள் இருக்கின்றன, வாசகரே. ஒன்றைக்கூடச் செருகப்போவதில்லை. உங்களுக்கு வேண்டியதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடந்தது எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அது அவள் அப்பாவுக்கு.