எந்த உத்திரம்

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெற்றோர் கழகக் கூட்டத்துக்கு வந்திருந்த அறுபது பேரும் சிரித்தார்கள். தலைவர் ஆசைத்தம்பி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். முத்துவீரன் ஆசாரி மட்டும் எழுந்து நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். கண்டனூரில் பிரித்த ஒரு வீட்டின் தேக்கு உத்திரங்களைச் சல்லிசாக வாங்கிப் பள்ளிக்கூடத்தின் புது வகுப்பறைக்குப் போட்டிருந்தார்கள். முன்னின்று பேசி முடித்தவர் தமிழாசிரியர் சகாய ஆண்டனி. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. முத்துவீரனுக்கு அந்தக் கட்டட வேலையில் பங்கில்லை; அங்கே உட்காரப்போகும் ஆறாம் வகுப்பில் மகள் பூஜா படிக்கிறாள். அந்த உரிமையில் எழுந்து, ஓர் உத்திரம் உள்ளே அரித்திருக்குமோ என்று தனக்குச் சந்தேகம், பார்த்துவிட்டுப் பிள்ளைகளை உட்கார வையுங்கள் என்றார்.

ஆண்டனி எழுந்தார். மாவட்டப் பேச்சுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர். முதலில், கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்ட என்ஜினீயரின் பெயரையும் படிப்பையும் சொன்னார். அடுத்து, வேப்பமரத்தடியில் வெயிலில் வாடியபடி படிக்கும் பிள்ளைகளைச் சொன்னார். நாலைந்து தாய்மார் உச்சுக் கொட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குரலைத் தாழ்த்தி, ஒரு கணம் விட்டுச் சொன்னார்:

"தான் நேரா நிக்கிறதுக்கே தடுமாறுறவரு, நம்ம கட்டடம் நிக்குமான்னு கேக்குறாரு."

முத்துவீரன் குடித்துக்கொண்டிருந்தவர் என்பது ஊருக்குத் தெரியும். பொங்கலிலிருந்து தொடவில்லை என்பதும் தெரியும். ஆண்டனிக்கும் தெரியும்.

ஆண்டனியின் வீட்டில் மனைவி ஞானபூரணி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டு வாரீக போல. தெரு முழுக்க அதே பேச்சு."

"அதுக்குள்ளயா? யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணுதான். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா." ஞானபூரணி சிரிக்கவில்லை. "ஆமா, எந்த உத்திரமாம்?"

"என்னது?"

"அரிச்சிருக்கும்னாராமே. எது?"

ஆண்டனி வாயைத் திறந்தார். வாசலிலிருந்து மூன்றாவதா, நான்காவதா? சுவர்ப்பக்க முனை என்றாரா, நடுவே என்றாரா? முத்துவீரன் விரல்விட்டு எண்ணிச் சொன்னது நினைவிருந்தது. அந்த நேரத்தில் தன் மனம் 'நேரா நிக்கிறதுக்கே' என்று சொற்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவிருந்தது. எத்தனை விரல் என்பதுதான் நினைவில்லை.

அவள் மீனுக்குத் திரும்பிக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு அவர் வருஷா வருஷம் சொல்வதுண்டு: எதிரில் நிற்பவர் சொன்னதை மறுக்க வேண்டும், அவரையே மறுக்கக் கூடாது, ஆளைத் தொட்டுவிட்டால், மறுக்க நம்மிடம் ஒன்றுமில்லை என்று பொருள். கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போடுவார். போன மாதம் ஒரு பையனுக்கு அதற்காக மதிப்பெண் குறைத்திருந்தார். 'இதுக்குப் பேரு பேச்சு இல்லடா, தெருச்சண்டை' என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். கூட்டம் நடந்த அந்த இரவு முழுக்க அந்தப் பையனின் முகம் வந்து வந்து போயிற்று.

மறுநாள் பள்ளிக்கூடம் திறக்குமுன் முத்துவீரனின் பட்டறைக்குப் போனார். முத்துவீரன் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆசாரியாரே."

இழைப்புளி ஓடிக்கொண்டே இருந்தது.

"எந்த உத்திரம்னு கேக்க வந்தேன்."

இழைப்புளி நின்றது. "நேத்தே சொன்னேனே சார்."

"நான் கவனிக்கல."

ஆண்டனிக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல எழுந்த ஒவ்வொன்றும் மேடைப் பேச்சாகத் தோன்றியதால் சும்மா நின்றார்.

"ஏணிய ஒரு பக்கம் புடிங்க" என்றார் முத்துவீரன்.

புது வகுப்பறையில், வாசலிலிருந்து நான்காவது உத்திரம். முத்துவீரன் ஏறி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் உத்திரத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். பிறகு கைத்துரப்பணத்தை வைத்துத் திருகித் துளை போட்டார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆண்டனி, அரித்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். அரித்திருந்தால், காலில் விழ அது ஒரு காரணமாவது ஆகும்.

விழுந்தது தூள் அல்ல. பொன்னிறச் சுருள்கள், தேக்கின் எண்ணெய் வாசனையோடு. மூன்று இடத்தில் துளைத்தார். மூன்றிலும் அப்படியே.

"நல்ல மரம் சார். வைரம் பாஞ்சது. மேல தெரியிறது மழைத்தண்ணி எறங்குன கறைதான். நான் நெனச்சது தப்பு."

ஆண்டனிக்கு மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கட்டடம் நிற்கும் என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் கூட்டத்தில் அவர் பேசியதில் ஒரு சொல்கூட இந்த மரத்தைப் பற்றியது இல்லை. இதைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"வெள்ளிக்கிழமை மேடையில சொல்லிடுறேன், நான் பேசுனது தப்புன்னு."

துளையில் மரமுளை அடித்துக்கொண்டிருந்த முத்துவீரன் கையை நிறுத்தாமலே சொன்னார்: "வேணாம் சார். அதையும் அழகாச் சொல்லிப்புடுவீக. அதுக்கும் கை தட்டுவாக."

ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். முன்னால் முத்துவீரன், பின்னால் ஆண்டனி. டீக்கடை பெஞ்சில் ஆசைத்தம்பி நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாத்தியாரே, ஏணி நேராப் போகுதா? முன்னாடி புடிக்கிற ஆளு தடுமாறாம நிக்கிறாரா?"

பெஞ்சு சிரித்தது. ஆண்டனி நின்றார். ஏணியின் மறுமுனையில் முத்துவீரனும் நிற்க வேண்டியதாயிற்று.

"நேத்து நான் பேசுனது ஈனத்தனம், ஆசைத்தம்பிண்ணே. அவரு கேட்டது நியாயமான கேள்வி. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதான் அவரக் கேலி பண்ணுனேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்தினார். பிறகு ஆசைத்தம்பி தொடையில் தட்டினார்.

"பாத்தீகளா, தன்னையே கவுத்துக்கிட்டு என்னமாப் பேசுறாரு! வாத்தியாருன்னா வாத்தியாருதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்தார்கள்.

ஏணி கையில் மெல்ல இழுபட்டது. முத்துவீரன் நடக்கத் தொடங்கியிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பட்டறை வரைக்கும் அவர் முதுகைப் பார்த்தபடியே ஆண்டனி நடந்தார்.