பொள்ளாச்சி நாரும் குடியாத்தம் நாரும்

இஷ்ரத் பதினேழு வருடமாக ராயபுரத்தில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் கப்பல் காகிதங்கள் தயாரித்து வந்தாள். சீனாவுக்குப் போகும் தென்னை நார்தான் அவர்கள் சரக்கு. பொள்ளாச்சி நார் தூத்துக்குடி வழியாகப் போகும், குடியாத்தம் நார் சென்னை வழியாகப் போகும்.

போன ஜூனில் முதலாளி சௌக்கத் அலி அவளைக் கூப்பிட்டார்.

"பத்து வருசத்துல எந்தப் பக்கம் எவ்ளோ ஏத்திக்கிறோம்னு ஒரு பட்டியல் போடும்மா. ரெண்டு ஊர்ல ஆபீஸ் வெச்சிகினு இனிமே தாங்காது."

பழைய கோப்புகளைத் தூசி தட்டி எடுக்கவே இரண்டு நாள் ஆனது. பொள்ளாச்சி நார் வருடா வருடம் ஏறியிருந்தது. குடியாத்தத்திலிருந்து முதல் வருடம் நானூறு கண்டெய்னர் போயிருந்தது. ஊரடங்கு வருடத்தில் அது தொண்ணூறுக்கு விழுந்து, பிறகு மெல்ல எழுந்து நூற்றி அறுபதில் நின்றது.

குடியாத்தம் நார் வந்து இறங்கும் திருவொற்றியூர் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மணிக்கு எப்படியோ சேதி போய்விட்டது. மறுநாளே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"யக்கா, 2020லேர்ந்து போடேன். அப்டிப் பாத்தா நம்ம பக்கமும் ஏறிகினுதான கீது?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"பாய் பத்து வருசம் கேட்டாரு மணி."

"உனுக்கு இன்னா, தனி ஆளு. என்னை நம்பி பதினோரு பேரு கீறாங்கோ."

சொன்ன பிறகு அவன் முகம் மாறியது. ஆனாலும் மன்னிப்புக் கேட்காமல் எழுந்து போனான்.

அவன் சொன்னபடி ஒன்றும் முதலாளி கேட்டபடி ஒன்றுமாக இரண்டு பட்டியல்களையும் போட்டுப் பார்த்தாள். மறைத்தாலும் அடுத்த வருடம் தெரிந்துவிடும் என்று தோன்றியது. பத்து வருடப் பட்டியலையே கொடுத்தாள்.

சௌக்கத் அலி வெகுநேரம் பார்த்தார். "மெட்ராஸ் பக்கத்த மூடிட வேண்டிதான்" என்றார். பிறகு, "நீ தூத்துக்குடிக்கு வந்துடு. வூட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்லு."

இரண்டு வருடம் முன்பு அவள் அம்மா மௌத்தானபோது அவர்தான் முன்னால் நின்று அடக்கம் வரை எல்லாம் செய்தார். இப்போது அது அவர் நினைவில் இல்லை.

"கேட்டுச் சொல்றேன் பாய்."

மாடி அறைக்கு வந்து டீ போட்டுக் குடித்தாள். கீழ்வீட்டு எல்சியிடம் கேட்கலாம் என்று பாதிப் படி இறங்கினாள். எல்சி போனில் யாரிடமோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு ஓயட்டும் என்று அங்கேயே நின்றாள். அது ஓயவில்லை. இஷ்ரத் சத்தமில்லாமல் மேலே ஏறிவிட்டாள்.

காலையில், "வீட்ல சரின்னுட்டாங்க பாய்" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் அவர்.

கடைசி வாரம் திருவொற்றியூர் போனாள். கிடங்கு முக்கால்வாசி காலியாகிவிட்டிருந்தது. நார்த்தூசி அப்பிய முகத்தோடு மணி கடைசிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் கைவேலையை நிறுத்தவில்லை. அவள் போகாமல் நின்றாள். கண்டெய்னர் கதவைச் சாத்திய பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

"அங்கியும் மழ வந்தா நாரு நனையும். தார்ப்பாய இறுக்கிக் கட்டச் சொல்லு."

"சொல்றேன் மணி."

அவன் லாரிக்காரனைப் பார்த்துக் கையசைத்தபடி வெளியே நடந்தான். லாரி சாலையேறும் வரை இருந்துவிட்டு அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.